டக்ஸ்பரில தமிழ் பிரெய்ல்: பழகுனவன் சொல்லுதேன்

பாளையங்கோட்டைல 1890லயே பார்வையற்றோர் பள்ளி வந்துட்டு, அதனால நம்ம பக்கம் பிரெய்ல் வாசிக்கிறவங்களுக்குப் பஞ்சமில்ல, புஸ்தகத்த பிரெய்லுக்கு மாத்திக் குடுக்கத்தான் ஆள் கிடைக்காது. நான் டக்ஸ்பரிங்கிற, எழுத்த பிரெய்லா மாத்துத சாப்ட்வேர வச்சு இந்த வேலைய ரொம்ப நாளா பண்ணுதேன்.

சாப்ட்வேர் பெரிய வித்தையெல்லாம் இல்ல. வேர்டு பைலத் திறக்கும்போதே தமிழ் டேபிள, அதாவது எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளிங்கிற பட்டியலக் காட்டணும், கன்ட்ரோல் டி அடிச்சா பிரெய்லா மாறிரும், கன்ட்ரோல் இ அடிச்சா எம்போசருக்கு, அதாவது பேப்பர்ல புள்ளி குத்துத பிரிண்டருக்குப் போயிரும், அவ்ளோதான்.

உயிர வாங்குறது பைலச் சுத்தம் பண்ணுதது. டிடிபி கடைல இருந்து வாறது பாதி பாமினிங்கிற பழைய தமிழ் பான்ட்ல இருக்கும், யூனிகோடுக்கு மாத்தாம உள்ள விட்டா குப்பைதான் வரும். அதவிட மோசம் ஸ்கேன் பண்ணி ஓசிஆர்ல (படத்துல இருந்து எழுத்த எடுக்குத சாப்ட்வேர்) எடுத்தது, துணைக்கால் இருக்க வேண்டிய இடத்துல ர உக்காந்திருக்கும், பால் பரல் ஆயிரும். கண்ணு வச்சுப் பாக்குறவன் கவனிக்காமத் தாண்டிப் போயிருவான், பிரெய்ல்ல ஆறு புள்ளில எது எது குத்திருக்குங்கிறதுதான் எழுத்து, துணைக்காலுக்கு வர்ற ஆ 3-4-5, ர 1-2-3-5, விரல் தட்டி நின்னுரும். ப்ரூப் பாக்குத அண்ணாச்சி "ஏல, பரல் குடிச்சா எவனுக்குல தெம்பு வரும்?"னு கேப்பாவ.

அதனால மெனுவப் படிக்கதுக்கு முன்னால ஆறு புள்ளியப் படிங்க, இல்லன்னா வந்தது சரியா தப்பான்னே தெரியாது. கொ-வுக்கு அச்சுல முன்னால கொம்பு பின்னால கால், பிரெய்ல்ல க போட்டு ஒ, ரெண்டே செல் (ஆறு புள்ளிக் கட்டம்). மெய்யெழுத்துன்னா 4-ம் புள்ளி எழுத்துக்கு முன்னாடியே வந்துரும், புதுசா பாக்குறவங்க இதுலதான் முழிப்பாங்க. ண-வும், இலக்கத்துக்கு முன்னால வர்ற எண் குறியும் ஒரே 3-4-5-6 வேற, 'பக்கம்12'னு இடம் விடாம அடிச்சிருந்தா வாசிக்கிறவருக்கு ண-ல ஆரம்பிச்சு என்னத்தையோ உளறுன மாதிரிதான் இருக்கும்.

டக்ஸ்பரிக்குக் காசு ஆவும். ஓசில வேணும்னா சாவ் மாய் பிரெய்ல் இருக்கு, வியட்நாம்காரங்க செஞ்சது, லிப்லூயிங்கிற இலவச பிரெய்ல் மாத்துத புரோகிராம வச்சு ஓடுது, தமிழும் உண்டு, பழகிக்க அதே போதும்னுதான் சொல்லுவேன்.

பேப்பர் அளவ மட்டும் முதல்லயே எம்போசருக்கு ஏத்தாப்ல வச்சிருங்க. ஏ4ல வரிக்கு ஏறக்குறைய 30 செல்தான் கொள்ளும், 11 இன்ச் அகலப் பேப்பர்னா 40 வரைக்கும் போவும், மாத்தி வச்சா வரி தாறுமாறா உடைஞ்சு வரும், குத்துன பேப்பரத் தூக்கித்தான் போடணும், பிரெய்ல் பேப்பர் விக்கிற விலைக்கு வயிறு எரியும்.