மொட்டைமாடி ஒழுக்குச் சீரமைப்பு: மதுரை நிறுவனம் ஒன்றின் பணி குறித்த மதிப்பீடு

மொட்டைமாடி ஒழுக்கை நிறுத்தித் தருகிறோம் என்று சொல்லும் நிறுவனங்களுக்கு மதுரையில் பஞ்சமில்லை. ஆனால் அவற்றின் பணியைப் பற்றிய பாராட்டுகள் பலவும் வேலை முடிந்த வாரத்திலேயே எழுதப்படுபவை. பங்குனி வெயிலில் எந்த மாடியும் ஒழுகாது. ஐப்பசியும் கார்த்திகையும் கடந்த பிறகே பூச்சின் தரம் தெரியும் என்பதால், திருநகரிலுள்ள எங்கள் வீட்டு மாடியைச் சீரமைத்த நிறுவனத்தைப் பற்றி எழுதப் பருவமழை முடியும்வரை காத்திருந்தேன். மாடியின் மேல் அவர்கள் செய்த வேலை நன்று. வீட்டுக்குள், கூரையின் அடிப்பகுதியில் செய்த வேலையைப் பற்றியும் கையில் கொடுத்த உத்தரவாதப் பத்திரத்தைப் பற்றியும் அவ்வாறு சொல்ல இயலாது. குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

வீடு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அக்காலத்தில் இப்பகுதியில் கட்டிய பெரும்பாலான வீடுகளைப் போலவே, கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து சுருக்கி போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து மரக்கட்டையால் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு பதித்திருக்கிறார்கள். தண்ணீர் ஓட வாட்டம் கொடுப்பது, வெயிலின் சூடு தளத்தில் இறங்காமல் தடுப்பது என இரண்டு வேலைகளையும் இந்தச் சுருக்கி ஒருசேரச் செய்கிறது. ஆயினும் ஓடுகளுக்கு இடையிலுள்ள சந்துகளின் பூச்சு விட்டுப்போனால், உள்ளே இறங்கும் மழைநீர் நேராகக் கீழே சொட்டாமல் ஜல்லி அடுக்குக்குள் பரவித் தேங்கி, தளத்தில் எங்கே கீறல் இருக்கிறதோ அங்கே வெளிவருகிறது. எனவேதான் மழை நின்று பல நாள் ஆன பிறகும் சில வீடுகளில் கூரை சொட்டுகிறது. சொட்டும் இடத்துக்கு நேர் மேலே பூசுவதும் பயன் தருவதில்லை.

விலை கேட்டு அழைத்தவர்களில் சிலர் மாடிப்படி ஏறாமலேயே சதுர அடிக் கணக்குச் சொன்னார்கள். ஒருவர், பழைய ஓட்டின் மேலேயே 2 அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட்டால் கவலையே இல்லை என்றார். 1000 சதுர அடிக்கு 2 அங்குலக் கான்கிரீட் என்பது ஏறத்தாழ 11 டன் கூடுதல் பாரம். ஏற்கெனவே சுருக்கியைச் சுமந்துகொண்டிருக்கும், கம்பியில் துரு கண்டுவிட்ட தளத்தின் மீது அதை ஏற்றலாமா என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. பழைய வீட்டுக்காரர்கள் இந்த யோசனையை யார் சொன்னாலும், கட்டட அமைப்புப் பொறியாளர் ஒருவர் எழுத்தில் ஒப்புதல் தராத வரையில் ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நாங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனத்தின் பொறியாளர் முதலில் கேட்ட கேள்வியே வேறாக இருந்தது: மழை பெய்தால் மட்டும் ஈரம் தெரிகிறதா, மழை இல்லாத மாதங்களிலும் தெரிகிறதா? கோடையிலும் ஈரம் நீடித்தால் அது மாடித் தொட்டியின் குழாயிலிருந்தோ குளியலறைத் தளத்திலிருந்தோ வருவதாக இருக்கலாம். அதற்கு மாடியில் பூச்சடிப்பது வீண் செலவு. பிறகு மரக்கட்டை ஒன்றால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, பொள்ளலாக ஒலித்தவற்றைச் சுண்ணக்கட்டியால் குறித்தார். வாளித் தண்ணீரை ஊற்றி அது எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தார். ஒலித்த ஓடுகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தன. உண்மையான சிக்கல் கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் விளிம்பிலும், மழைநீர்க் குழாயின் வாயிலும் இருந்தது.

இந்த விளிம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விளம்பரங்கள் டப்பாவிலுள்ள பூச்சு மருந்தைப் பற்றியே பேசுகின்றன. கைப்பிடிச் சுவர் தளம் வார்த்த பின்னர் அதன் மேல் செங்கல் வைத்துக் கட்டப்படுவது. இரண்டும் ஒரே உடம்பல்ல. மதுரையின் சித்திரை வெயிலில் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொடும்போது தளத்தின் மேற்பரப்பு அதைவிடக் கூடுதலாகச் சூடேறுகிறது, இரவில் குளிர்கிறது. வெப்பம் 30 டிகிரி மாறினால் 10 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அந்த அசைவு பெரும்பாலும் சுவரும் தளமும் சந்திக்கும் கோட்டில்தான் கீறலாகத் தெரியும். அங்கே சிமெண்டுப் பாலை ஊற்றி அடைத்தால், அடுத்த கோடையில் அது அதே கோட்டில் மறுபடியும் விரியும். அசைந்து கொடுக்கும் பூச்சும், மூலையைச் செங்கோணமாக விடாமல் உட்குழிந்த வளைவாகத் திருத்திய கலவையும் தேவை.

இதை அவர்கள் முறையாகச் செய்தார்கள். விளிம்பு நெடுகிலும் பழைய பூச்சை வெட்டியெடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூலையை வளைவாக்கி, கண்ணாடியிழை வலையை ஒட்டி, பூச்சைச் சுவரின் மேல் ஓர் அடி உயரம்வரை ஏற்றினார்கள். மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றிக் கொத்தியெடுத்து, குழாயின் உட்பக்கத்துக்குள்ளும் பூச்சு இறங்குமாறு பார்த்துக்கொண்டார்கள். பொள்ளலான ஓடுகளைப் பெயர்த்து, அடியிலிருந்த சுருக்கியைக் காயவிட்டு, புது ஓடு பதித்து வாட்டத்தைச் சரிசெய்த மூத்த கொத்தனாரின் கைத்திறனைத் தனியே சொல்ல வேண்டும். அவருக்கு ரசாயனப் பூச்சின் மேல் பெரிய மரியாதை இல்லை. “தண்ணிக்கு வாட்டம் காட்டிவிட்டுட்டா அது ஏன் சார் வீட்டுக்குள்ள வருது? நின்னாத்தானே இறங்கும்” என்றார். பொறியாளர் அதைக் கேட்டுச் சிரித்தாரே தவிர மறுக்கவில்லை.

பூச்சில் இரண்டு வகையை முன்வைத்தார்கள். அக்ரிலிக் பூச்சு விலை குறைவு. தண்ணீர் தேங்காத, நல்ல வாட்டமுள்ள மாடிக்குப் போதுமானது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேல்பூச்சு தேவைப்படும். பாலியூரித்தேன் பூச்சு விலை கூடுதல். கீறல் அசையும்போது கூடுதலாக இழுபட்டுக் கொடுக்கும். விளிம்புகளுக்கும் குழாய் வாய்களுக்கும் பாலியூரித்தேன், நடுப்பரப்புக்கு வெள்ளை அக்ரிலிக் என்று அவர்களே யோசனை சொன்னார்கள். முழு மாடிக்கும் விலை உயர்ந்ததையே விற்க முயலாதது நம்பிக்கை தந்தது. வெள்ளைப் பூச்சினால் மேல்மாடி அறையின் வெக்கை தணிந்திருக்கிறது என்பது துணைப்பயன். ஆனால் மாடியில் வற்றல் காயப்போடுபவர்களுக்கு, வெயில் நேரத்தில் அந்த வெண்மை கண்ணைக் கூசச் செய்யும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பூசுவதற்கு முன் அவர்கள் செய்த சிறு சோதனை ஒன்றை எந்த வீட்டுக்காரரும் தாமே செய்யலாம். ஒரு பாலித்தீன் தாளை மாடியின் மேல் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். தாளின் அடியில் வியர்த்திருந்தால் சுருக்கிக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பூசினால், வெயில் ஏறும்போது உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். எங்கள் மாடியில் முதல் முறை வியர்த்திருந்ததால் வேலையைத் தள்ளிவைத்தார்கள். பூசும் நாளிலும் நடுப்பகலைத் தவிர்த்து, மாலையில் தளத்தின் சூடு தணிந்த பின்னரே தொடங்கினார்கள். ஆடி மாதத்தில் வேலை எடுப்பதில்லை என்று அவர்கள் வைத்திருக்கும் வழக்கமும் நியாயமானதே. திருப்பரங்குன்றத்துப் பக்கம் ஆடிக்காற்றில் பறக்கும் புழுதி, காயாத பூச்சின் மேல் படிந்தால் அடுத்த பூச்சு ஒட்டாது.

வேலை முடிந்ததும் தண்ணீர் கட்டிப் பார்த்தார்கள். குழாய் வாய்களை அடைத்து, மணலும் சிமெண்டும் கலந்து சிறு வரப்பு எடுத்து, மாடியைப் பகுதிகளாகப் பிரித்து 48 மணி நேரம் தண்ணீரை நிறுத்தினார்கள். 1000 சதுர அடியில் ஓர் அங்குலத் தண்ணீர் என்றாலே ஏறத்தாழ 2,400 லிட்டர். ஆதலால் பகுதி பகுதியாகச் செய்வது பாரத்துக்கும் நல்லது, தண்ணீர்ச் செலவுக்கும் நல்லது. இந்தச் சோதனையை விலைப்பட்டியலில் தனி வரியாக எழுதச் சொல்லி, இறுதித் தவணைப் பணத்தை அதற்குப் பின் தருவதாக ஒப்புக்கொள்ள வைப்பது அவசியம். எங்கள் மாடியில் ஒரு மூலையில் மட்டும் சிறு கசிவு தெரிந்தது. கூடுதல் பணம் கேட்காமல் அந்த இடத்தை மறுபடி வெட்டிப் பூசினார்கள். அதன் பின் வந்த வடகிழக்குப் பருவமழையில், இரவு முழுதும் கொட்டிய நாள்களிலும், கூரையில் புதிய ஈரம் இல்லை. மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு மாடிக் குழாயை இணைத்திருப்பவர்கள், புதிய பூச்சின் மேல் பெய்யும் முதல் மழைகளின் நீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியேற்றிவிட வேண்டும். இதை அவர்கள் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

இனிக் குறைகள். ஆண்டுக்கணக்கில் ஈரம் இறங்கியதால் சமையலறைக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்திருந்தது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காலப்போக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு உட்புகுந்து அந்தக் காரத்தன்மையைக் குறைத்துவிட, ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்து உடைத்துத் தள்ளுகிறது. எனவே கம்பியின் கீழ்முகத்தை மட்டும் தேய்த்துவிட்டுப் பூசினால் போதாது. கம்பியைச் சுற்றி, அதன் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்குப் பழைய கான்கிரீட்டைக் கொத்தியெடுத்து, துருவை முழுவதும் நீக்கி, துருத்தடுப்புப் பூச்சும் ஒட்டுப்பூச்சும் கொடுத்து, பாலிமர் கலவையை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். இந்நிறுவனத்தார் இதை மாடி வேலைக்கு இணைப்பாக, கிட்டத்தட்ட வண்ணப்பூச்சு வேலையாகவே கருதினார்கள். மேலே வேலை செய்த மூத்த கொத்தனாரை அனுப்பாமல் வேறு குழுவை அனுப்பினார்கள்; அவர்கள் கம்பியின் பின்பக்கத்தைத் தொடவேயில்லை. சமையலறையில் ஓரிடத்தில் இப்போது மயிரிழைக் கீறல் கம்பியின் போக்கிலேயே ஓடுகிறது. ஒழுகாத கூரையில் கீறல் விழுகிறதே என்று கேட்டால், “அது பழைய துரு, எங்கள் பொறுப்பில்லை” என்கிறார்கள். பழைய துருவை நீக்கத்தான் பணம் வாங்கினார்கள்.

உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, வாய்மொழியாக 10 ஆண்டு என்றார்கள். பத்திரத்திலோ பூச்சுப் பொருளுக்கு மட்டுமே பொறுப்பு என்றும், கூலி சேராது என்றும், ஏசி வெளிப்பெட்டிக்கோ டிஷ் ஆன்டெனாவுக்கோ மாடியில் துளையிட்டால் உத்தரவாதம் முழுவதும் செல்லாது என்றும் எழுதியிருந்தது. கடைசி நிபந்தனை நியாயமானது; கூலி பற்றிய நிபந்தனை அப்படியல்ல, ஏனெனில் இவ்வகை வேலையில் கூலியே பெரும்பங்கு. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பத்திரத்தின் மாதிரியைக் கேட்டு வாங்கிப் படித்துவிட வேண்டும். ரசீது இல்லாமல் வாங்கிக்கொண்டால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் அளிக்கலாம். 5 லட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை. ஆனால் பணம் கொடுத்ததற்குச் சான்று வேண்டும்.

விலையில், மாடி வேலைக்கு ஓடு மாற்றியதும் சேர்த்து, வரி நீங்கலாக, சதுர அடிக்கு 85 ரூபாய் ஆயிற்று. நாங்கள் கேட்டவற்றில் இது மிகக் குறைந்த விலையும் அல்ல, மிகக் கூடியதும் அல்ல. கூரை அடிப்பகுதிக்குத் தனியே வாங்கிய தொகையை வீண் என்றே கொள்கிறேன். அந்த வேலையை இனி வேறு ஆளிடம் தருவதாக இருக்கிறோம். சொன்ன நேரத்துக்கு ஆள் வருவது, சிதறிய கழிவைத் தெருவில் கொட்டாமல் வண்டியில் ஏற்றிப்போவது, பக்கத்து வீட்டார் துணி காயப்போடும் நேரத்தைத் தவிர்த்துக் கொத்துவது ஆகியவற்றில் குறை சொல்ல ஏதுமில்லை. மாடி ஒழுக்கு மட்டுமே சிக்கல் என்போர் இவர்களைப் போன்றோரைத் தயங்காமல் அமர்த்தலாம். தை, மாசியிலேயே தேதி வாங்கிக்கொள்வது நல்லது. புரட்டாசி பிறந்து முதல் மழை விழுந்த பின் அழைத்தால், ஈரமான மாடியின் மேல் பூசச் சம்மதிக்கும் ஆள்கள்தான் கிடைப்பார்கள்.