அராஸ் வெலிங்டன் குவாரி: பார்க்க வேண்டிய இடம், ஒரே ஒரு குறை

வடக்கு பிரான்சில் அராஸ் பக்கம் போகிறவர்கள் வெலிங்டன் குவாரியைக் கட்டாயம் பார்த்துவிட்டு வர வேண்டும். முதல் உலகப் போரின் அகழிச் சண்டையில் தனிப் பயிற்சி பெற்ற வீரர்கள் எதற்காக இருந்தார்கள் என்பதை நான் பார்த்த வேறெந்த அருங்காட்சியகமும் இவ்வளவு நன்றாகப் புரியவைக்கவில்லை.

தலையில் ஹெல்மெட், கையில் ஒலி வழிகாட்டிக் கருவி. லிஃப்டில் சுமார் 20 மீட்டர் கீழே இறங்க வேண்டும். வழிகாட்டியோடு சேர்ந்துதான் சுற்ற முடியும், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். கோடைக்காலத்திலும் உள்ளே 11 டிகிரிதான், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

இது முதலில் போருக்காகத் தோண்டிய இடம் இல்லை. கட்டடம் கட்ட சுண்ணாம்புக் கல் வெட்டியெடுத்த பழைய குவாரி. அராஸ் ஊருக்கு அடியில் இப்படி நிறைய உண்டு. 1916இல் வந்த நியூசிலாந்துச் சுரங்கப் படையினர் இவற்றைச் சுரங்கப் பாதைகளால் ஒன்றோடொன்று இணைத்தார்கள். ஊரில் தங்கச் சுரங்கத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள் அந்தப் படையில் நிறையப் பேர். ஆக்லாந்து, வெலிங்டன், நெல்சன், பிளெனம் என்று வடக்கிலிருந்து தெற்காகத் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களையே குவாரிகளுக்கு வைத்தார்கள். இருட்டில் ஒருவன் தான் எங்கே நிற்கிறான் என்று அந்தப் பெயரை வைத்தே தெரிந்துகொள்ளலாம். மின்விளக்கு, தண்ணீர், சமையலறை, கழிப்பிடம் எல்லாம் கீழேயே அமைத்து, சுமார் 24,000 வீரர்கள் தங்குவதற்கு இடம் செய்து கொடுத்தார்கள்.

சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பிக்காசு விழுந்த தடங்கள் சாய்வாக, வரிசை வரிசையாக இருக்கின்றன. அவசரத்தில் கொத்தியது மாதிரியே தெரியாது, தொழில் தெரிந்த கையின் வேலை. காலாட்படைக்காரன் கையில் ஒரு பிக்காசைக் கொடுத்து இந்த வேலையை வாங்கியிருக்க முடியாது. கூரை எங்கே தாங்கும், எங்கே இறங்கும் என்று பார்த்தே சொல்கிற ஆள் வேண்டும். பக்கத்திலேயே 10ஆம் வழி என்று கறுப்பில் எழுதியது இன்னும் அழியாமல் இருக்கிறது.

சுரங்கப் படையில் இன்னொரு வேலையும் இருந்தது: காது கொடுத்துக் கேட்பது. ஜியோஃபோன் என்ற கருவியின் இரண்டு வட்டுகளைத் தரையில் வைத்து, மருத்துவரின் ஸ்டெதஸ்கோப் போலக் குழாய்களைக் காதில் மாட்டிக்கொண்டு, எதிரி எந்தத் திசையில் தோண்டுகிறான் என்று கண்டுபிடிப்பார்கள். அதே காரணத்துக்காகத் தாங்களும் சத்தம் போடக் கூடாது. சோம் போர்முனையில் லா புவசெல் கிராமத்தில் பிரிட்டிஷ் சுரங்கப் படையினர் சுண்ணாம்பைத் துப்பாக்கிக் கத்தி முனையால் நெம்பி, கீழே விழுவதற்குள் கையால் பிடித்துக்கொள்வார்கள். காலில் செருப்புகூடக் கிடையாது. இந்தக் கேட்கும் வேலையைப் பற்றி இங்கே இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

என் குறை வேறு. 1917 ஏப்ரல் 9, காலை 5.30க்கு, அராஸ் போரின் முதல் நாளில், ஜெர்மன் படையைத் தாக்க இந்தப் படிகளில் ஏறி வெளியே போனவர்களைப் பற்றி உருக்கமாகச் சொல்கிறார்கள். அவர்கள் காத்திருந்த குளிர், வெளியே பெய்த பனி எல்லாம் வருகிறது. ஆனால் போனவர்களில் யார் யாருக்கு என்ன வேலை என்பது எனக்குப் போதுமான அளவில் கிடைக்கவில்லை. அந்த வருடம் பிப்ரவரியில்தான் பிரிட்டிஷ் படை தன் பிளாட்டூனை, அதாவது சிறு காலாட்படைக் குழுவை, நான்கு பிரிவாக மாற்றி அமைத்திருந்தது. லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டு எதிரியின் தலையைக் கீழேயே வைத்திருப்பார்கள். அந்தத் துப்பாக்கியை ஒருவர் சுட, மற்றவர்கள் 47 குண்டு கொள்ளும் வட்டுகளைச் சுமந்து வருவார்கள். துப்பாக்கி முனையிலிருந்து கையெறிகுண்டைப் பறக்கவிடுகிறவர்கள்தான் பிளாட்டூனின் சொந்தப் பீரங்கி மாதிரி. அந்த மறைவில் ரைஃபிள்காரர்கள் பக்கவாட்டில் சுற்றிப் போக, மில்ஸ் என்ற கையெறிகுண்டை எறிகிறவர்கள் அகழிக்குள் இறங்கி ஒவ்வொரு வளைவாகச் சுத்தம் செய்வார்கள். ஒரு பிரிவு நின்றுபோனால் மற்ற மூன்றும் மாட்டிக்கொள்ளும். தனித்திறமை என்பது ஒருவனை மற்றவர்களைவிட உயர்த்திவைக்கவில்லை, பக்கத்தில் இருப்பவன் நகர வழி செய்தது. சுரங்கப் படையும் செய்தது அதைத்தானே? இந்தத் தொடர்பை எடுத்துச்சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

கடைசியில் போடும் படம் அராஸ் போரின் முடிவை மறைக்காமல் சொல்கிறது, அது நல்லது. முதல் நாள் முன்னேற்றத்துக்குப் பிறகு தாக்குதல் தேங்கி, மே நடுவில் முடிந்தபோது பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் சுமார் 1,59,000 பேர் இறந்தோ காயப்பட்டோ காணாமல் போயோ இருந்தார்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். போவதற்கு முன் அந்த நான்கு பிரிவுகளைப் பற்றிக் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள். சின்னக் குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள், அதனால் நேரத்தை முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.