நேரடிக் கதையா, ஆமைக் கதையா?

அப்பாவை இழந்த குடும்பம் கடலூர் முதுநகர் வீட்டைக் காலி செய்துவிட்டு புதுச்சேரி முத்தியால்பேட்டைக்குக் குடிபோகிறது என்று வையுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த மாதிரிக் கதை கொடுப்பது? நடந்ததை நடந்தபடி சொல்வதா, இல்லை நம்ம கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமை மாதிரி விலங்குகளை வைத்துச் சொல்வதா?

விலங்குக் கதை சின்னப் பிள்ளைக்கு இதமாக இருக்கும், சரி. ஆனால் 5 வயதுக் குழந்தை, செத்தவர் திரும்பி வருவார் என்று நினைக்கக்கூடும். அதில் போய் தாய் ஆமை தூங்கிப் போச்சு என்று எழுதிவிட்டால் ராத்திரி கண்ணை மூடவே பயப்படும்.

நேரடிக் கதையில் "அப்பா செத்துட்டாரு கண்ணு, இனி வரமாட்டாரு" என்று அம்மா சொல்லிவிடுவாள். வாசிக்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கும், பிள்ளை கேள்வி கேட்கும். அப்புறம் வீடு மாறுவது: அப்பா சட்டையை எந்தப் பெட்டியில் வைப்பது, கதவு நிலையில் உயரம் குறித்த பென்சில் கோட்டை என்ன செய்வது, புது ஸ்கூலில் "உங்கப்பா என்ன வேலை?" என்று கேட்டால் என்ன சொல்வது, இதெல்லாம் விலங்குக் கதையில் வருவது அபூர்வம். 8 வயதுக்கு மேல் என்றால் யோசிக்காமல் நேரடிக் கதையைத்தான் கொடுப்பேன். அதற்குக் கீழே ஆமைக் கதையே இருக்கட்டும், ஆனால் சாவைச் சாவு என்றே சொல்லும் கதையாகப் பார்த்து வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.