மாடியில் மெஷின் ரூமா? டிராயிங்கில் லைவ் லோடு பார்க்காமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

கும்பகோணம் பக்கம் ஒரு லாட்ஜ். வெள்ளம் வந்தால் கீழே வைத்த மெஷின் எல்லாம் போய்விடும் என்று தண்ணீர்த் தொட்டி, சாஃப்ட்னர் (உப்புத் தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் மெஷின்), ஹீட் பம்ப் (தண்ணீரைச் சூடாக்கும் மெஷின்) மூன்றையும் மொட்டை மாடியில் வைக்கப்போவதாக உரிமையாளர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்தவரோ வெறும் மொட்டை மாடிக்கான கணக்கைப் போட்டுக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார். தொட்டி நிரம்பியதும் கீழ் அறை சீலிங்கில் விரிசல். கேட்டால், "பத்து மில்லி கம்பி போட்டிருக்கு சார், தாங்கும்" என்கிறார். எந்த எடைக்குப் போட்டது என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கட்டடங்கள் தாங்க வேண்டிய எடைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875. அதன் இரண்டாம் பாகம், 1987 பதிப்பின்படி, ஆள் ஏறும் மொட்டை மாடிக்கு லைவ் லோடு (கட்டடத்தின் சொந்த எடை போக, ஆள், பொருள் என்று மேலே வந்து சேரும் எடை) சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், சுமார் 150 கிலோ. ஆபீஸ், ஆஸ்பத்திரி பிளான்ட் ரூமுக்கு, அதாவது மெஷின் ரூமுக்கு, குறைந்தது 5, சுமார் 500 கிலோ. அந்த 5-ஐ எழுதிவிட்டால் தீர்ந்தது என்றும் இருந்துவிடாதீர்கள். 5,000 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 5 டன். அடி விட்டம் 1.8 மீட்டர் என்றால் பரப்பு இரண்டரை சதுர மீட்டர். ஆக, தொட்டிக்கு அடியில் சதுர மீட்டருக்கு 2 டன், 20 கிலோநியூட்டன்! மெஷினுக்கு 150 மி.மீ. கான்கிரீட் மேடை கட்டினால் அது தனியாகச் சதுர மீட்டருக்கு 3.75 கிலோநியூட்டன். செங்கல் ஜல்லித் தளத்தின் எடை வேறு.

அதனால் கம்பெனிக்காரரிடம் வெற்று எடையைக் கேட்காதீர்கள். தண்ணீர், எண்ணெய் நிரப்பி ஓடும்போது என்ன எடை, எத்தனை காலில் நிற்கிறது என்று எழுதி வாங்கி டிசைனரிடம் கொடுங்கள். மெஷினை உருட்டிக்கொண்டு போகும் வழியையும் டிராயிங்கில் குறிக்கச் சொல்லுங்கள். வைக்கும் இடம் பலமாக இருந்து, வழியில் ஸ்லாப் உடைந்த கட்டடங்கள் உண்டு. மாடி அதிகம் என்று தூண் கணக்கில் லைவ் லோடைக் குறைப்பார்கள். மெஷின் எடைக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் டெல்டா களிமண்ணில் இது அஸ்திவாரம் வரை போகும் விஷயம்.

ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் முதலில் தொட்டியைக் காலி செய்யுங்கள். பூசி மறைக்கிறேன் என்று வருபவரை உள்ளேயே விடாதீர்கள். முட்டு கொடுப்பதானால் ஒரு மாடியோடு நிறுத்தாமல், ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாகத் தரைவரை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஸ்லாபும் விரிசல் விடும். பிறகு தூணுக்குத் தூண் இரும்பு ஐ-பீம் போட்டு அதன்மேல் தொட்டியை ஏற்றலாம், தூணும் அஸ்திவாரமும் தாங்குமா என்று வேறொரு இன்ஜினியர் கணக்குப் பார்த்த பிறகு.