ஃபார்ஸ்டரா, பூத்தா, ஜெனெத்தா? கதைசொல்லல் கோட்பாட்டை எங்கே தொடங்கலாம்

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் எம்.ஏ. ஆங்கிலம் சேரும் பிள்ளைகள் வருஷா வருஷம் கேட்பது இதுதான்: நேரட்டாலஜிக்கு, அதாவது கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்று ஆராயும் கோட்பாட்டுக்கு, முதலில் எந்தப் புத்தகத்தை எடுப்பது? வழக்கமாகக் கிடைக்கும் பதில், "ஃபார்ஸ்டரைப் படி, அதுதான் சுலபம். ஜெனெத் பக்கம் இப்போதைக்குப் போகாதே." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எஸ்டேட் லைனிலிருந்தும் ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களிலிருந்தும், பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கட்சி.

ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டர், பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் ஜெனெத், அமெரிக்க விமர்சகர் பூத் என்று மூன்று பேரையும் ஒரே நாவலில் வைத்துப் பார்ப்போம். எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' (1847). மேட்டு நிலத்துக் காற்றையும், இரண்டடி தள்ளி நிற்பவரை மறைக்கும் பனியையும் நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஃபார்ஸ்டரின் 'ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் த நாவல்' 1927இல் கேம்பிரிட்ஜில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள். பேசுவது போலவே இருக்கும். ராஜா இறந்தார், பிறகு ராணி இறந்தாள் என்றால் அது ஸ்டோரி. அந்தத் துக்கத்தில் ராணி இறந்தாள் என்றால் பிளாட். இரண்டே நிமிஷத்தில் புரிந்துவிடும். சிக்கல் அப்புறம்தான். ஒரு பாத்திரம் ஒற்றைக் குணத்தோடு நிற்கும் 'ஃபிளாட்' ஆ, பல பக்கங்கள் கொண்ட 'ரவுண்ட்' ஆ என்பதற்கு அவர் வைக்கும் சோதனை, அது நாம் நம்பும்படியாக நம்மை வியக்க வைக்கிறதா என்பது. 'வுதரிங் ஹைட்ஸ்' நாயகன் ஹீத்கிளிஃப் வியக்க வைக்கிறானா? நம்பும்படியாகவா? இதற்குப் பதில் சொல்ல நூறு ஆங்கில நாவல் படித்த காது வேண்டும். அது இல்லாதவர் கைடில் இருக்கும் வரியை எடுத்து எழுதிவிடுகிறார், நாவலைத் திறக்காமலே. ஃபார்ஸ்டருமே எமிலி பிராண்டியிடம் வரும்போது தஸ்தயேவ்ஸ்கி, மெல்வில், லாரன்ஸ் ஆகியோரோடு சேர்த்து 'தீர்க்கதரிசனம்' என்ற வகையில் வைக்கிறார். படிக்க அருமையான பகுதி. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு மாணவர் அடுத்துச் செய்வதற்கு எதுவும் இல்லை.

ஜெனெத்தின் 'நேரட்டிவ் டிஸ்கோர்ஸ்' பிரெஞ்சில் 1972, ஆங்கிலத்தில் 1980. முதல் அத்தியாயத்திலேயே அனலெப்சிஸ் (நடந்ததைப் பின்னால் போய்ச் சொல்வது), புரோலெப்சிஸ் (நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்வது) என்று கிரேக்கப் பெயர்கள் பயமுறுத்தும், எடுத்துக்காட்டெல்லாம் பிரெஞ்சு நாவலாசிரியர் புரூஸ்ட். ஆனால் பெயர்களைத் தள்ளிவிட்டுக் கேள்விகளை மட்டும் பாருங்கள். பேசுவது யார்? பார்ப்பது யார்? எது முன்னே சொல்லப்படுகிறது, எது பின்னே? எத்தனை வருஷம், எத்தனை பக்கத்தில்? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விரலை வைத்தே பதில் காட்டலாம். நாவல் 1801இல், குடியிருக்க வந்த லாக்வுட்டின் குரலில் தொடங்குகிறது. நான்காம் அத்தியாயத்தில் பணிப்பெண் நெல்லி கதையை வாங்கிக்கொண்டு முப்பது வருஷம் பின்னால் போகிறாள். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் அவளுடைய பேச்சுக்குள், ஹீத்கிளிஃபை மணந்த இசபெல்லாவின் கடிதம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று குரல். ஹீத்கிளிஃப் காணாமல் போன மூன்று வருஷத்தில் அவன் எங்கே இருந்தான், எப்படிப் பணக்காரன் ஆனான் என்று நாவல் சொல்வதே இல்லை. மெதுவாக ஆங்கிலம் வாசிக்கிறவரும் இதைத் தானே கண்டுபிடிப்பார். கண்டுபிடித்ததும் வகுப்பில் அவர் குரல் மாறும்.

இன்னொன்று. தலைவி கூற்று, தோழி கூற்று என்று பள்ளியிலேயே படித்தவர்கள் இவர்கள். பேசுவது யார், யாரிடம், யார் காதில் விழ என்பதெல்லாம் குறுந்தொகைப் பாட்டின் அடியிலேயே எழுதியிருக்கும். ஒன்பதாம் அத்தியாயத்தை அந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். ஹீத்கிளிஃபைக் கட்டிக்கொண்டால் தனக்கு இழிவு என்று, அவனோடு சேர்ந்து வளர்ந்த கேத்தரின் நெல்லியிடம் சொல்கிறாள். பெஞ்சில் இருந்து அதைக் கேட்டவன் எழுந்து சத்தமில்லாமல் வெளியேறுகிறான். அவன்மேல் தனக்குள்ள காதலை அவள் சொல்வது அதற்குப் பிறகு. நம் சிறைப்புறத் துறையில் தலைவன் வேலிக்கு வெளியே நிற்பது தோழிக்குத் தெரியும். அவன் கேட்கட்டும் என்றே பேசுவாள், பேச்சு திருமணத்தை நோக்கி நகரும். இங்கே கேட்டது பாதி. அந்தப் பாதியில் இரண்டு குடும்பம் நாசமாகிறது.

அவன் எழுந்து போனதை நெல்லி பார்த்தாள். உடனே ஏன் சொல்லவில்லை? இந்த இடத்தில் ஜெனெத் உதவ மாட்டார். பூத் வேண்டும். 'த ரெட்டரிக் ஆஃப் ஃபிக்ஷன்' (1961) நம்பத்தகாத கதைசொல்லியைப் பற்றிப் பேசிய புத்தகம். நெல்லி பிறகுதான் சொல்கிறாள், அதற்குள் அவன் போய்விட்டான். பன்னிரண்டாம் அத்தியாயத்திலும் கேத்தரின் அறைக்குள் பட்டினி கிடப்பதைக் கேத்தரினின் கணவனிடம் நெல்லி சொல்லாமல் விடுகிறாள். நெல்லி நல்லவளா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்படி கதையைத் திருத்திச் சொல்கிறாளா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும், போடட்டும். ஆனால் கதைசொல்லியின் கருத்துக்கும் நூலின் கருத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரும்பாலும் தொனியில்தான் தெரியும். அந்தக் காது வர நாள் பிடிக்கும். அதனால்தான் பூத்தை இரண்டாவதாக வைக்கிறேன்.

ரஷ்ய நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் பிராப்பையும் சிலர் கேட்கிறார்கள். ரஷ்ய மாயக்கதைகளிலிருந்து 31 செயல்களைப் பிரித்துக் காட்டிய அவருடைய நூல் (1928) பிராண்டிக்கு உதவாது. மொழியியலாளர் எமனோ நீலகிரியில் தொகுத்து 1944–46இல் வெளியிட்ட கோத்தர் பழங்குடிக் கதைகளை வைத்து ப்ராஜெக்ட் செய்கிறவர் எடுக்கட்டும்.

ஜெனெத்தை முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டாம். கடைசி இரண்டில், பார்வையும் குரலும் பற்றியவற்றில் தொடங்கி, அப்புறம் கால அளவு பற்றிய இரண்டாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். பிறகு பூத். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு ஃபிளாட், ரவுண்ட் வேண்டுமே என்றால் சரி, ஃபார்ஸ்டரைக் கடைசியில் படிக்கலாம். அதற்குள் நெல்லியைப் பற்றி உங்களுக்கென்று ஒரு கருத்து வந்திருக்கும். அவள் ஃபிளாட்டா ரவுண்டா என்று அவரிடமே வாதாடலாம்.