டைப்-சி பிளக்கை உதிரியாக வாங்குகிறீர்களா? முதலில் ரெசிஸ்டரைப் பாருங்கள்

சார்ஜிங் கேபிளை வீட்டிலேயே சால்டர் பிடித்துச் செய்கிற ஆள் நீங்கள் என்றால் இது உங்களுக்கு. “பத்து வெள்ளிக்குக் கிடைப்பதற்கு எதற்கு இத்தனை மெனக்கெடல்” என்கிறவர்கள் என் மனைவி பக்கம் போய் நின்றுகொள்ளலாம்.

எங்கள் வீட்டில் அம்மாவின் கட்டில் ஒரு சுவரில், பிளக் பாயிண்ட் எதிர்ச்சுவரில். சிங்கப்பூரில் பழைய வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அவர் போனுக்கு மூன்று மீட்டர் கேபிள் வேண்டும். நான் வாங்கிப் பார்த்த நீளக் கேபிள்களில் உள்ளே கம்பி தலைமுடி மாதிரி இருந்தது. அவ்வளவு தூரத்தில் வோல்ட் இறங்கிவிடும், சார்ஜ் ஏறுவதற்குள் விடிந்துவிடும். தடித்த ஒயர் போட்டு நானே செய்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை ஜாலான் புசார் பக்கம் போனேன்.

அங்கே ஓர் எலக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடை. எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. கவுண்டரில் நின்ற பையன் தமிழில் பேசினான். “அண்ணே, சுத்தக் காப்பர், 20 கேஜ். பிளக்கு ரெசிஸ்டரோடவே வருது, அப்படியே சால்டர் பண்ணிடுங்க. 100 வாட்டும் போகும்.” கேஜ் என்பது கம்பியின் தடிமன் அளவு, ரெசிஸ்டர் என்பது பிளக்குக்குள் இருக்கும் குட்டி மின்தடை. ஒயர் மீட்டர் 1 வெள்ளி 80 காசு, ஐந்து மீட்டர் எடுத்தேன். டைப்-சி பிளக் ஐந்து, ஏழரை வெள்ளி. மறுமுனைக்கு யுஎஸ்பி-ஏ பிளக் இரண்டு, இரண்டு வெள்ளி. ரசீது கேட்டால் ஒரு துண்டுத் தாளில் 18.50 என்று கிறுக்கிக் கொடுத்தான். கடைப் பெயர் இல்லை, முத்திரை இல்லை. நானும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

2017 ஜூலையில் மூடும்வரை சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில் எத்தனையோ சாமான் வாங்கியிருக்கிறேன். அங்கே எதையும் நான்கு தடவை திருப்பிப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டேன். ஏர்கான் போட்ட கடை, அதிலும் தமிழ்ப் பேச்சு என்றதும் அந்தப் புத்தியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. 100 வாட் என்றபோதே விழித்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில்கூட, இ-மார்க்கர் என்ற சிப் உள்ளே இல்லாவிட்டால் 3 ஆம்பியருக்கு மேல், அதாவது 60 வாட்டுக்கு மேல், சார்ஜர் கொடுக்காது. அந்த பிளக்கில் சிப்பும் இல்லை ஒன்றும் இல்லை.

அன்று இரவே இரண்டு கேபிள் செய்தேன். அம்மாவுக்கு மூன்று மீட்டரில் ஒன்று, ஒரு சாண் நீளத்தில் சும்மா ஒன்று. நீளக் கேபிளில் போன் சார்ஜ் ஆனது, ஆனால் ஆமை வேகம். 1 ஆம்பியர் இழுத்து அளந்தால் அடாப்டர் பக்கம் 5.05 வோல்ட், போன் பக்கம் 4.40. அசல் 20 கேஜ் செம்பு என்றால், போக மூன்று வர மூன்று என ஆறு மீட்டருக்கு 0.2 வோல்ட்தான் இறங்க வேண்டும். இங்கே மூன்று மடங்குக்கு மேல்.

ஓர் இழையை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை வெளேர் என்று அலுமினியம். ஈயம் பூசிய நல்ல செம்புக் கம்பியும் வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் அதைச் சுரண்டினால் உள்ளே சிவக்கும். இது தலைகீழ். அப்புறம் ரப்பர் உறையை முழுக்க உரித்துப் பார்த்தால், தடிமன் எல்லாம் உறையில்தான், கம்பி ஒல்லி. ஏமாந்தது ஒன்பது வெள்ளிதானே என்று விட்டிருப்பேன்.

மறுநாள் மகன் அந்தச் சின்னக் கேபிளை எடுத்துத் தன் பழைய லேப்டாப்பில் செருகிப் போனுக்குச் சார்ஜ் போட்டிருக்கிறான். பத்து நிமிடம் இருக்கும், “அப்பா, ஏதோ தீயுற வாடை வருது” என்றான். லேப்டாப் பிழைத்தது, அந்த யுஎஸ்பி போர்ட் செத்தது.

காரணம் அரிசியில் பாதிகூட இல்லாத ஒரு ரெசிஸ்டர். ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிளில், சி பிளக்குக்குள் 5 வோல்ட் கம்பிக்கும் சிசி என்ற பின்னுக்கும் நடுவே 56 கிலோ ஓம் இருக்க வேண்டும். எதிர்முனை சாதாரண யுஎஸ்பி போர்ட், அளவாக எடு என்று போன் அதை வைத்துத்தான் புரிந்துகொள்ளும். அங்கே 10 கிலோ ஓம் இருந்தால், 3 ஆம்பியர் தருகிற சார்ஜர் என்று நினைத்து இழுக்கும். பழைய லேப்டாப் போர்ட் அரை ஆம்பியருக்குச் செய்தது, ஆறு மடங்கு கேட்டால் என்ன செய்யும்? நீளக் கேபிளில் மட்டமான ஒயரே தடுத்து நிறுத்தியிருக்கிறது. ஒரு சாண் கேபிளில் தடுக்க எதுவும் இல்லை. போன் கேமராவைப் பெரிதாக்கி பிளக்கைப் பார்த்தேன். ரெசிஸ்டர் மேல் 103 என்று இருந்தது. 103 என்றால் 10 கிலோ ஓம், இருக்க வேண்டியது 563, அதாவது 56 கிலோ ஓம். மீட்டரை வைத்தேன், ஐந்து பிளக்கிலும் அதே கதை.

இது புதுத் தவறும் இல்லை. கூகல் பொறியாளர் பென்சன் லியுங் 2015 கடைசியிலிருந்து அமேசானில் விற்ற டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, இதே 10 கிலோ ஓம் தப்பைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார். 2016-இல் உள்ளே கம்பிகளை இடம் மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிள் அவருடைய குரோம்புக் பிக்சலையே கெடுத்தது. அதற்கு அடுத்த மாதம் தரத்துக்கு ஒத்துவராத டைப்-சி கேபிள்களை அமேசான் தடை செய்தது. கம்பெனிக் கேபிள்கள் பெரும்பாலும் திருந்திவிட்டன. உதிரியாக விற்கும் பிளக்கை யார் திருத்துவது?

கடைக்குத் திரும்பிப் போனேன். பையன் இல்லை, முதலாளி இருந்தார். மேசையில் வைத்த கேபிளைக் கையால்கூடத் தொடாமல், “சால்டர் ஆல்ரெடி, நோ ரிட்டர்ன் லா” என்றார். சுரண்டிய இழையைக் காட்டினேன். “யூ பை சீப் வாட்.” முடிந்தது பேச்சு.

பழுதான பொருளை விற்ற கடையைக் கேட்க வழி செய்யும் லெமன் லா 2012-இலிருந்து இருக்கிறது, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் என் மாதிரிச் சின்னக் கேஸுக்குக் கட்டணம் பத்து வெள்ளிதான், எல்லாம் தெரியும். ஆனால் யார் மேல் போடுவது? கையில் இருப்பது 18.50 என்று எழுதிய ஒரு தாள். லீவு எடுத்துப் போனால் அந்த ஒரு நாள் சம்பளமே இதைப் போலப் பல மடங்கு. நீங்களாவது கடைப் பெயர் அச்சிட்ட ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். பிளக்கை வாங்கினால் சால்டர் வைப்பதற்கு முன்பே மீட்டரில் அளங்கள். வைத்த பிறகு திருப்பித் தர முடியாது.

மீதி மூன்று பிளக்கிலும் 103-ஐக் கழற்றிவிட்டு வேறு கடையில் வாங்கிய 563-ஐப் போட்டிருக்கிறேன். அம்மாவின் கேபிளையும் அசல் செம்பில் புதிதாகச் செய்தாயிற்று, இப்போது 0.2 வோல்ட்தான் இறங்குகிறது. அந்தப் பழைய ஒயர் என்ன ஆனது என்றால், காரிடாரில் கறிவேப்பிலைச் செடி சாய்ந்துவிட்டது, கட்ட ஏதாவது கொடுப்பா என்று அம்மா கேட்டார். கொடுத்துவிட்டேன். அலுமினியம் அல்லவா, நன்றாக வளைகிறது.