2,350 ரூபாயில் ஒரு செடித்தொட்டி: திருப்பாதிரிப்புலியூர் வண்ணமீன் கடை ஒன்றைப் பற்றி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கூடத்தில் இரண்டடிக்கு மேல் நீளமான எதையும் வைக்க இடமில்லை. மீன்தொட்டிக்கென்று 2,500 ரூபாயைத் தாண்டிச் செலவழிக்க வீட்டில் அனுமதியும் இல்லை. நீலக் கற்களும் பிளாஸ்டிக் தாமரையும் வேண்டாம், உயிருள்ள செடிகள் வளர வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. புதுச்சேரியில் இரண்டு கடைகளில் விசாரித்தபோது, செடித்தொட்டி என்ற சொல்லைக் கேட்டவுடனே கரியமில வாயு உருளை, இறக்குமதி மண், தனி விளக்கு என்று பட்டியல் நீண்டு பத்தாயிரத்தைத் தொட்டது. கடைசியில் திருப்பாதிரிப்புலியூர்ப் பகுதியில் ஒரு தம்பதியர் நடத்தும் சிறிய கடையில்தான் வேலை முடிந்தது. குறைகளும் சொல்லவிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

கடையின் முன்பக்கத்தைப் பார்த்தால் உள்ளே நுழையத் தோன்றாது. சென்னைக் கொளத்தூரிலிருந்து வந்த வண்ணமீன்கள் நெகிழிப் பைகளில் காற்றடைத்துத் தொங்கும். கண்ணாடிக் குடுவைக்கு ஒன்றாக ஃபைட்டர் மீன்கள் சிறகை விரித்துச் சுவரை முறைத்துக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டியது பின்கட்டு. அங்கே முருங்கை மரத்தடியில் மூன்று சிமெண்டுத் தொட்டிகளில் செடிகளை வளர்க்கிறார்கள். கணவர் கண்ணாடி ஒட்டுகிறார். செடிகள் முழுக்க அந்த அம்மாவின் பொறுப்பு. பையில் பயணம் செய்து வாடி வரும் செடிக்கும், நம் ஊர் உப்புத் தண்ணீரிலேயே மூன்று மாதம் வளர்ந்த செடிக்கும் உள்ள வேறுபாடு வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். இந்தக் கடைக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்த மூன்று சிமெண்டுத் தொட்டிகளுக்கே உரியது.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், 5 மில்லிமீட்டர் கண்ணாடி என்று சொல்லி 950 ரூபாய்க்குத் தொட்டி செய்யச் சொன்னேன். விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். மண்ணுக்கும் மேல் இடைவெளிக்கும் போக 45 லிட்டர் நீர் நிற்கும். நீர், மண், கண்ணாடி எல்லாம் சேர்ந்து அறுபது கிலோவைத் தாண்டும் என்பதால் பழைய தொலைக்காட்சி மேசை உதவாது. ஒட்டிய பசையில் காடி (வினிகர்) வாடை முழுதும் போகும்வரை நீர் ஊற்றக் கூடாது என்று கடைக்காரரே எச்சரித்தார். இரண்டு நாள் கழித்து மாடியில் வைத்து நிரப்பிப் பார்த்ததில் ஒரு மூலையில் கசிவு தெரிந்தது. திருப்பி எடுத்துச் சென்றபோது முகம் சுளிக்காமல் பழைய பசையைச் சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டிக் கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை. ஆனாலும் அறுபது கிலோ கனக்கும் பொருளை விற்பவர்கள் நீர் ஊற்றிச் சோதித்துவிட்டுக் கொடுப்பதே முறை.

அடிமண்ணுக்குக் கடையில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. நண்பர் வீட்டில் குழி தோண்டியபோது கிடைத்த கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணையும், எரு கலக்காத தோட்டத்து மேல்மண்ணையும் சம அளவில் சலித்து ஓர் அங்குல உயரத்திற்குப் பரப்பினேன். செம்மண்ணில் செடிக்கு வேண்டிய இரும்புச் சத்து இருக்கிறது. எருவோ உரமோ கலந்திருந்தால் அம்மோனியா பெருகி மீனைக் கொல்லும். அதன் மேல் ஒன்றரை அங்குலத்திற்குக் கட்டட வேலையில் மிஞ்சிய பருமணலைக் கழுவிப் போட்டேன். கழுவுவது என்றால் இரண்டு முறை அலசுவதன்று. பத்துப் பன்னிரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, மேலே நிற்கும் நீர் அரிசி கழுவிய மூன்றாம் தண்ணீரைப் போலத் தெளியும்வரை கையால் பிசைய வேண்டும். சில்வர் பீச் மணல் இலவசம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் கலந்திருக்கும். ஒரு பிடி மணலில் காடியை ஊற்றினால் நுரைப்பதிலிருந்து அதைக் கண்டுகொள்ளலாம். அந்தச் சுண்ணாம்பு நாளும் கரைந்து, ஏற்கெனவே கடினமான நம் நிலத்தடி நீரை மேலும் கடினமாக்கும்.

செடிகளுக்கு 420 ரூபாய் ஆயிற்று. வாலிஸ்நேரியா இரண்டு கட்டு 80, கிரிப்டோகோரைன் மூன்று தொட்டி 150, சிறு மரத்துண்டில் கட்டிய ஜாவா ஃபெர்ன் 130. மீதி 60 ரூபாயைப் பற்றித்தான் புகார். அந்த அம்மா இல்லாத நேரத்தில் கடையிலிருந்த பையன் லக்கி பேம்பூ என்ற செடியைத் ‘தண்ணீர்ச் செடி’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். அது மூங்கிலும் அன்று, நீர்த்தாவரமும் அன்று; வேர் மட்டும் நீரில் நிற்கலாம், இலைகள் வெளியே இருக்க வேண்டும். முழுக மூழ்கடித்ததில் மூன்றாம் வாரம் தண்டு மஞ்சளித்து, தொட்டவுடன் வெந்த வெண்டைக்காயைப் போலக் குழைந்து கையோடு வந்தது. நாற்றம் தீர மூன்று நாள் தொடர்ந்து நீர் மாற்றினேன். இலையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துப் பார்ப்பது எளிய சோதனை: நீருக்குள் வாழும் செடிகளில் பல துணி போலத் துவளும், விறைத்து நிற்பதை வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். தடித்த இலையுடைய ஜாவா ஃபெர்ன் போன்ற சில மட்டும் இதற்கு விலக்கு. அதன் இஞ்சி போன்ற மட்டநிலத்தண்டை மணலில் புதைத்தாலும் அழுகிவிடும். மரத்திலோ கல்லிலோ நூலால் கட்டி வைக்க வேண்டும்.

கிரிப்டோகோரைன் என்னை வேறு விதமாகப் பயமுறுத்தியது. நட்ட ஐந்தாம் நாள் இலைகளெல்லாம் கரைந்து கூழாகிவிட்டன. ஏமாற்றப்பட்டேன் என்றே எண்ணிக் கடைக்குப் போனால், அந்த அம்மா சிரித்துவிட்டு, “வேரை மட்டும் பிடுங்கிடாதீங்க சார், இடம் மாறினா அது அப்படித்தான். பத்து நாள் பொறுங்க, புது இலை வரும்” என்றார். பன்னிரண்டாம் நாள் பழுப்பு நிறத்தில் சுருண்ட ஒரு குருத்து மணலைக் கீறிக்கொண்டு வந்தது.

விளக்கை அங்கே வாங்க வேண்டாம். 700 ரூபாய்க்கு மேல் சொல்லும் மூடி விளக்குகளில் நீலமும் இளஞ்சிவப்பும் மீனை மினுக்கிக் காட்டவே போடப்பட்டிருக்கின்றன. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவு எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை. மின்சாதனக் கடையில் இரண்டடி நீளமுள்ள 10 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு, 6500 கெல்வின் வெண்மை என்று பெட்டியில் அச்சிட்டது, 260 ரூபாய்க்குக் கிடைத்தது. நான் நட்டவை குறைந்த ஒளியில் வளரும் செடிகள் என்பதால் நாளுக்கு ஆறு மணி நேரம் போதுமாக இருக்கிறது. ஒன்பது மணி நேரம் எரியவிட்ட வாரத்தில் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி படிந்தது.

ஸ்பாஞ்ச் ஃபில்டரும் காற்று மோட்டாரும் சேர்த்து 380 ரூபாய். இந்த அளவுத் தொட்டிக்கு இதைவிட விலையுயர்ந்த எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் மோட்டாரை நீர்மட்டத்திற்குக் கீழே வைத்தால் மின்சாரம் போகும்போது நீர் குழாய் வழியே திரும்பி வரும் என்பதையும், அதைத் தடுக்கச் சில ரூபாய்க்கு ஒருவழி வால்வு கிடைக்கும் என்பதையும் விற்கும்போது யாரும் சொல்லவில்லை. ஒரு மின்வெட்டு இரவுக்குப் பின் தரையைத் துடைத்தபோது நானே கற்றுக்கொண்டேன்.

மீன் விஷயத்தில் இவர்களின் நேர்மையைப் பாராட்டியாக வேண்டும். தொட்டி வாங்கிய அன்றே கப்பி மீன் கேட்டேன், தரவில்லை. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் குடியேற நான்கு வாரமாவது ஆகும், அதற்குள் விட்டால் செத்துப்போகும் என்று விளக்கினார் கணவர். அதோடு நில்லாமல், தம் பழைய தொட்டி ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சைப் பையில் பிழிந்து, தேநீர் நிறத்திலிருந்த அந்த அழுக்கு நீரை முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்தார். அந்த நுண்ணுயிர்களைக் கொண்டு வருவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. ஐந்தாம் வாரம் எட்டுக் கப்பிகளை 160 ரூபாய்க்கு வாங்கினேன். என் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில், கரைந்த உப்புகளின் அளவான டி.டி.எஸ். 620 காட்டுகிறது; கப்பிக்கும் மோலிக்கும் அது ஒத்துப்போகும், நியான் டெட்ராவுக்கு ஒத்துவராது. மாநகராட்சிக் குழாய் நீரைப் பயன்படுத்துவோர் குளோரின் நீங்க ஒரு நாள் வாளியில் திறந்து வைக்க வேண்டும்.

ஒரே ஒரு பரிந்துரையை ஏற்கவில்லை. பாசி தின்னும் என்று சொல்லி சக்கர் மீன் ஒன்றைத் தர முயன்றார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்தக் கெளுத்தி ஓரடிக்கு மேல் வளரும். இடம் போதாமல் மக்கள் ஏரியிலும் ஆற்றிலும் விட்டுவிட, தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பரவிக்கிடக்கிறது. எங்கள் ஊர்க் கெடிலம் ஆற்றில் இன்னொன்றைச் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. இதை விற்பதை அவர்கள் நிறுத்தினால் மகிழ்வேன்.

தொட்டிக்கு அடியில் வைத்த தெர்மோகோல் 30, கப்பி துள்ளி விழாதிருக்க மேலே போட்ட வலை 150, இரண்டும் வெளியில் வாங்கியவை. ஆக மொத்தம் 2,350 ரூபாய். அதில் இந்தக் கடைக்குப் போனது 1,910.

ஏழாம் மாதத்தில் வாலிஸ்நேரியா ஓடுதண்டுவிட்டு முன்பக்கக் கண்ணாடியை மறைக்கத் தொடங்கியது. களைந்ததைச் சாக்கடையில் போட மனமின்றி ஈரத்துணியில் சுற்றிக் கடைக்கு எடுத்துச் சென்றேன். அந்த அம்மா வேர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணி, இரண்டு கட்டாகக் கட்டிச் சிமெண்டுத் தொட்டியில் போட்டுவிட்டு, மீன் தீவனப் பொட்டலம் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். பணப்பையை எடுத்தேன். “வேணாம் சார், செடி கணக்குல கழிஞ்சிடுச்சு” என்றார்.